பத்துக் கிலோவும் ஒரு வெறும் சட்டியும்

நிறை பார்க்கிற மெசினில் ஏறுமுன் தோட்டையும் காப்பையும் கழற்றி யன்னலில் வைப்பேன். பிறகு கண்ணாடியையும் கழற்றுவேன். கண்ணாடி என்ன பாரமா என்று கேட்கக்கூடாது. அது இல்லாமல் முள் எங்கே நிற்கிறதென்று தெரியாது, ஆகவே திரும்பப் போட வேண்டிவரும். அன்று போட்டுப் பார்த்தபோது தொண்ணூற்றொன்று. ஊரடங்கு தொடங்கி இரண்டாம் கிழமை அது.

"மெசின் பழசு," என்றேன்.

"நான் ஏறினால் ஐம்பத்தாறுதான் காட்டுது. அதுக்கு உம்மோடை மட்டும் என்ன கோவம்?" என்றார் என் மனுசன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அதுவும் மூன்று கிழமைக்கு முந்திய பேப்பர். அவர் என்ன தின்றாலும் ஈர்க்குப்போல இருக்கிற ஆள். அப்படிப்பட்டவர்களுக்கு நிறையைப் பற்றிக் கதைக்க உரிமையில்லை என்பது என்னுடைய கட்சி.

எனக்கு அந்த முள் விளையாட்டுக் காரியமில்லை. ஊரடங்குக்குக் கொஞ்ச நாள் முந்தி யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் என் வலது முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தார். எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்றார். பிறகு என்னை மெசினில் ஏற்றினார். எண்பத்தெட்டு.

"இந்தப் பாரத்தோடை நான் கத்தி வைக்கமாட்டன் அம்மா. பத்துக் கிலோ குறைச்சுக்கொண்டு வாங்கோ. இல்லையெண்டால் உந்த ஊன்றுபொல்லை விடேலாது. அதுக்குப் பிறகு சக்கரக் கதிரை."

இந்தப் பத்துக் கிலோக் கதையை என் மனுசனைத் தவிர ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. முப்பது வருசம் சுகாதார பாடம் படிப்பித்தவள் நான். உணவுக் கூம்பகத்தைக் கரும்பலகையில் கீறி, எண்ணெயும் சீனியும் மேல் நுனியில் இத்தனூண்டு, விளங்கிச்சுதோ என்று பிள்ளைகளை அதட்டியவள். நிறை கூடியதால் ஒப்பரேசன் செய்யமாட்டார்களாம் என்று எந்த வாயால் சொல்வது? யார் கேட்டாலும் "திகதி இன்னும் தரேல்லை" என்பேன். அந்த ஒரு பொய்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

ஊரடங்கு வந்ததும் குறைப்பது சுலபம் என்று நினைத்தேன். கலியாண வீடு இல்லை, சேர்ச் விருந்து இல்லை, கடையில் சாமான் இல்லை. வீட்டிலிருந்து மெலியலாம். எவ்வளவு பெரிய மடைச்சி நான். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் வாகனம் வரும், அதில் சீனிப் பணிஸ் இருக்கும். பத்து மணிக்குச் செய்தி கேட்கும்போது பருத்தித்துறை வடைப் பேணி மடியில் இருக்கும். எத்தனை பேருக்குத் தொற்று என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை வடை போயிருக்கும் என்று நான் எண்ணியதில்லை. மத்தியானம் சோறு. பின்னேரம் தேத்தண்ணீரோடு பனங்கட்டி. பிறகு அடுத்த செய்தி. பசி என்ற ஒன்று அந்த நாட்களில் எனக்கு வரவே இல்லை. வாய் சும்மா இருந்தால் மனம் எங்கேயோ போனது, அதனால் வாயைச் சும்மா விடவில்லை. இரண்டு மகள்மாரும் வெளிநாட்டில், ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு இளையவள், "அம்மா, கமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கோ, முழுமுகமும் வருகுதில்லை," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு இன்னும் இரண்டு வடை எடுத்தேன்.

இவ்வளவையும் நானே தின்றதாய் இருந்தால் நானே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்வீட்டுப் பிள்ளை இருந்தாள்.

பிள்ளை என்பது என் வாய்ப்பழக்கம், அவளுக்கு நாற்பது இருக்கும். வீட்டிலிருந்து தைக்கிறவள். புருசன் ஓட்டோ ஓடுகிறவர். பண்டத்தரிப்புப் பக்கம் எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள வீட்டுக்கு அவர்கள் வந்து அப்போது இரண்டு வருசம். அவர்கள் வந்த கிழமையே ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு விசாரணை தொடங்கிவிட்டது. சாதி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "உவை ஆர் ஆக்கள்?" என்றுதான் கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள். போவார்கள், இருப்பார்கள், சிரித்துக் கதைப்பார்கள், தேத்தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டார்கள். அந்த வீட்டாருக்கும் இது தெரியும். அதனால் அப்படிப்பட்ட விருந்தாளி வந்தால் கடையில் ஒரு சோடா வாங்கிவந்து, கண் முன்னால் மூடியை உடைத்துக் கொடுப்பார்கள். மூடியோடு வந்ததில் அவர்களுடைய கை படவில்லை அல்லவா. இவ்வளவும் ஒரு சொல் பேசாமல், மரியாதை குறையாமல் நடக்கும்.

நாங்கள் வேதக்காரர். மிசன் பள்ளிக்கூடத்தால் வந்த வீடு. ஆண்டவருக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்று மூன்று தலைமுறையாய்ப் பாடுகிற குடும்பம். ஆகவே நான் பொல்லை ஊன்றிக்கொண்டு, பின் ஒழுங்கையால் சுற்றி அவளைப் பார்க்கப் போனேன். அவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் சோடாப் போத்தலும் திறப்பானும் வந்தன.

"உதைக் கொண்டுபோம் பிள்ளை. எனக்குத் தேத்தண்ணி போடும். சீனி கொஞ்சம் கூடப் போடும்," என்றேன்.

அவள் தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு குசினிக்குள் ஓடினாள். தேத்தண்ணீர் வந்தது. நான் ஆறுதலாய்க் குடித்தேன். அப்போது எனக்கு என்னைப் பற்றி வந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாயிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்களிடம் கேட்டுவிட்டு, இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த கிடுகுவேலியில் ஒரு பொட்டு வைத்தாள். ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. அதனால் அவள் வருவாள், நான் போகமுடியாது. குனிந்தால் முழங்கால் மடங்காது, மடங்கினாலும் என் உடம்பு அதற்குள் போகாது.

"ஒப்பரேசன் முடியட்டும் ரீச்சர். பொட்டாலை குனிஞ்சு வாங்கோ, நான் இந்தப் பக்கம் நிண்டு கை பிடிக்கிறன்," என்பாள்.

ஊரடங்கு தொடங்கின மூன்றாம் நாள் முதலாவது சட்டி வந்தது. மூடி போட்ட சில்வர் சட்டி. உள்ளே குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். அடுத்த நாள் இறால் வறை. அதற்கடுத்த நாள் ஒடியற்கூழ், நண்டு போட்டு.

"ஏன் பிள்ளை வீண் கரைச்சல்?"

"என்ன கரைச்சல் ரீச்சர்? ஒப்பரேசனுக்கு முதல் நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்தோணும். ரத்தம் ஊறோணும். கத்தி வைக்கிற உடம்பெல்லோ!"

எங்கள் ஊரில் பிறந்த ஒருவர் இதைவிட அன்பான சொல்லைச் சொல்ல முடியாது. நான் என்னத்தைச் சொல்ல? பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை. நான் றோல்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவள் பால்ச்சோறு கொடுத்தாள். நான் கட்லட் கொடுத்தேன். அவள் பயற்றம்பணியாரம் கொடுத்தாள். கொடுப்பதற்காகச் செய்ததில் பாதியை அடுப்படியிலேயே நான் தின்றேன், வந்ததை மேசையில் வைத்துத் தின்றேன். அவளிடம் இல்லாத காசு அது. ஓட்டோ ஓடாமல் முற்றத்தில் நின்றது. அப்படியிருந்தும் சட்டி தவறியதில்லை.

தொண்ணூற்றொன்றைப் பார்த்த அன்று முடிவெடுத்தேன். பொட்டடிக்குப் போய், "பிள்ளை, எங்களுக்கு லெந்து நாள், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நோன்பு. மச்சம் எடுக்கிறேல்லை," என்றேன். அதுவரை வந்த இறாலும் நண்டும் எந்த நாளில் சேர்த்தி என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற பிள்ளை அல்ல. அடுத்த நாள் சட்டியில் சைவம் வந்தது, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. இரண்டு நாள் பொறுத்து, "ஒருநேரம்தான் சாப்பாடு," என்றேன். "ஓ, விரதம் எண்டால் பால் பழம் எடுக்கலாம்தானே ரீச்சர்," என்று கதலி வாழைப்பழமும் கற்கண்டு போட்ட பாலும் வந்தன. விரதத்தைப் பற்றி ஒரு சைவ சமயக்காரிக்கு நான் கதை விடப் போனது என் பிழை. மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உண்மையைச் சொல்லுமன்," என்றார். "டொக்டர் குறைக்கச் சொன்னவர் எண்டு சொன்னால் என்ன, வாய் வெந்துபோமோ?"

"உங்கடை வேலையைப் பாருங்கோ," என்றேன்.

உயிர்த்த ஞாயிறும் வந்தது. லெந்து முடிந்தது, என் பொய்யும் முடிந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் மச்சாள், அதாவது மனுசனின் தங்கை, உள் ஒழுங்கையால் வந்து வாசல் படலையில் ஒரு தகரப் பேணியை வைத்துவிட்டுப் போனாள். நீலப்பூப் போட்ட பேணி. உள்ளே பட்டர் கேக். ஊரடங்கில் எங்கே பட்டர் பிடித்தாளோ. மச்சாளிடம் வேண்டாம் என்று சொல்ல ஏலுமோ? சொன்னால் பதினைந்து வருசத்துக்குக் கதை நிற்கும். வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அலுமாரிக்கு மேலே வைத்தால் கை எட்டாது என்று நினைத்தேன். கை எட்டியது.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பின்வீட்டுச் சட்டியை நான் மறுக்கவில்லை. சொல்லப் பொய் இருக்கவில்லை. வாங்கி, மூடியைத் திறக்காமல் ஒளித்துவைத்து, பின்னேரம் கிணற்றடியில் எங்கள் நாய்க்குப் போட்டேன். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையும். மனுசன் நித்திரை. புட்டையும் இறால் கறியையும் நாயின் தட்டில் கொட்டினேன். கிணற்றுக்கட்டில் இருந்தேன். பக்கத்தில் நீலப்பூப் பேணி. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, எவ்வளவு கட்டுப்பாடு, ஒரு துண்டு தின்றால் என்ன என்று என்னை நானே தட்டிக்கொடுத்து, முதல் துண்டு முடிந்து இரண்டாவது வாயில் இருந்தது.

பொட்டுக்குள் அவள் குனிந்தபடி நின்றாள். எப்போது வந்தாள் தெரியாது. நாயைப் பார்த்தாள். பேணியைப் பார்த்தாள். அது மச்சாளின் பேணி என்று ஒழுங்கைக்கே தெரியும். என்னைப் பார்த்தாள். கேக்கை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"சட்டியை எடுக்கலாம் எண்டு வந்தனான் ரீச்சர்."

நான் எழும்பி, பொல்லை ஊன்றி, சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுவவும் இல்லை, உள்ளே ஒன்றும் வைக்கவும் இல்லை. சட்டி வரத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் கொடுத்த முதல் வெறும் சட்டி.

வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி நின்றாள். "இறால் கோது கழட்டித்தான் போட்டனான். நாய்க்குத் தொண்டையிலை சிக்காது," என்றாள். குரலில் கோபம் இல்லை. தையல் அளவு சொல்வதுபோல இருந்தது.

அடுத்த நாள் காலையில் பொட்டு இருந்த இடத்தில் ஒரு தகரம் நின்றது. நாலு மூலையிலும் கம்பி போட்டு, வடிவாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

மூன்று நாள் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாலாம் நாள் அவளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரைச் சொன்னேன், எண்பத்தெட்டைச் சொன்னேன், தொண்ணூற்றொன்றையும் சொன்னேன். வெட்கத்தில் சொல்லவில்லை என்றேன். மற்ற ஆக்களைப்போல எண்டு என்னை நீர் நினைக்கக்கூடாது, எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, உமக்குத் தெரியும்தானே என்றேன். அழுதுவிட்டேன்.

"ஓம் ரீச்சர். விளங்குது," என்றாள். பிறகு, "கேக்கும் டொக்டர் எழுதித் தந்ததோ ரீச்சர்?" என்றாள்.

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "வைக்கிறன் ரீச்சர், உலை கொதிக்குது," என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வியோடு நான் எத்தனை நாள் கிடந்தேன்! மச்சாளுக்கு வேண்டாம் என்று சொல்லப் பயந்த நான் அவளுக்குச் சொல்லப் பயப்படவில்லை. மச்சாளின் கேக்கை நாய்க்குப் போட எனக்கு நினைவுகூட வரவில்லை. மச்சாள் கோபித்தால் குடும்பம் முழுக்கக் கிளம்பும். அவள் கோபித்தால் யார் கிளம்புவார்? இல்லை, இதுதான் காரணம் என்றும் சொல்லிவிட்டுத் தப்பமுடியாது. அந்தப் புட்டைக் கொட்டும்போது என் கை ஏன் கூசவில்லை? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாய்ப் பாடினது கைவரைக்கும் வந்து சேரவில்லைப்போல. எனக்கு என்மேல் வந்த வெறுப்பை இங்கே எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

அதற்குப் பிறகு மெலிவது பெரிய காரியமாய் இருக்கவில்லை. சட்டி வரவில்லை, மச்சாளின் பேணியை மிச்சக் கேக்கோடு நானே திருப்பி அனுப்பினேன். மச்சாள் எதிர்பார்த்தபடி கோபித்தாள், அதுவும் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. பதினைந்து வருசம் என்று நான் பயந்தது ஒரு மாதம்! அவித்த கீரை, ஒரு சின்னக் கரண்டி சோறு, வடைப் பேணி குப்பையில். காலையும் மாலையும் பொல்லோடு கிணற்றைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் தகரம் கண்ணில் படும். எண்பத்தாறு. எண்பத்து மூன்று. ஊரடங்கு தளர்ந்து, திரும்ப இறுகி, திரும்பத் தளர்ந்தது. கண்டவர்கள் எல்லாம், "ஐயோ ரீச்சர், காய்ஞ்சு போனியள், என்ன வருத்தம்?" என்று துக்கம் விசாரித்தார்கள். எழுபத்தேழரையில் டொக்டரிடம் போனேன். அவர் கை தட்டினார். "கெட்டிக்காரி அம்மா! எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சாப்பாட்டை நிப்பாட்டினன்," என்றேன்.

ஒப்பரேசன் முடிந்து, பயிற்சி முடிந்து, பொல்லை மூலையில் வைக்க இன்னும் நாலு மாதம் எடுத்தது. பொல்லில்லாமல் முதலில் நடந்தது பின்வீட்டுக்குத்தான். பொட்டால் போயிருந்தால் இருபது அடி. இப்போது எனக்குக் குனியவும் முடியும், நுழையவும் முடியும். ஒழுங்கையால் சுற்றிப் போனேன்.

அவள் தையல் மெசினை விட்டெழும்பி ஓடிவந்தாள். "ரீச்சர்! பொல்லில்லாமல் நடக்கிறியள்!" முகத்தில் உண்மையான சந்தோசம். அதில் பொய் இல்லை, எனக்கு இந்த உலகத்தில் அது ஒன்று நிச்சயமாய்த் தெரியும். கதிரையைத் துடைத்துப் போட்டாள். தழும்பைப் பார்க்கவேண்டும் என்றாள், காட்டினேன். நல்லாய் ஆறியிருக்குது ரீச்சர் என்றாள். மகள்மாரை விசாரித்தாள். இடையில் புருசனிடம் ஏதோ சொன்னாள், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் உடனே திரும்பினார். நான் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. மனம் நிறைந்து இருந்தேன்.

பிறகு தட்டு வந்தது. தட்டில் ஒரு சோடாப் போத்தலும் திறப்பானும்.

என் முன்னால் வைத்து, மூடியை உடைத்தாள். நுரை பொங்கி வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"பிள்ளை," என்றேன். தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். திரும்பச் சொன்னேன். "பிள்ளை, எனக்குத் தேத்தண்ணி போடுமன்."

"பால் திரைஞ்சு போச்சு ரீச்சர்," என்றாள் சிரித்தபடி. "நீங்கள் சோடாவைக் குடியுங்கோ. வெயிலுக்கை நடந்து வந்தனீங்கள்."

குசினிக்குள் அவளுடைய புருசன் தேத்தண்ணீர் ஆற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு, உயர்த்தி, பதித்து. பால் தேத்தண்ணீரின் மணமும் வந்தது. அவளுக்கும் கேட்டது, எனக்குக் கேட்டது என்றும் அவளுக்குத் தெரியும். இருவரும் முழங்காலைப் பற்றிக் கதைத்தோம்.

நான் சோடாவை எடுத்துக் குடித்தேன். அடிவரைக்கும் குடித்து முடித்து, போத்தலைத் தட்டில் வைத்தேன்.